நகம் உடைக்கும் புதுக் கத்தி

டீ சொல்லிவிட்டேன். அது வருவதற்குள் அந்தக் கத்தியை எடுத்து மேசைமேல் வையுங்கள். திறக்கவே முடியவில்லை, நகம் பிய்ந்துகொண்டு வருகிறது, கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். அவசரம் வேண்டாம். புதிதாக வாங்கிய மடக்குக் கத்தி இறுக்கமாக இருப்பது பெரும்பாலும் இயல்புதான். அந்த இறுக்கத்தை மூன்று பங்காகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பங்கு அழுக்கு. அதைக் கழுவி எடுத்துவிடலாம். இன்னொரு பங்கு இன்னும் வழவழப்பாகாத உலோகம். அதைப் பழக்கிச் சரிசெய்யலாம். மூன்றாவது பங்கு உங்கள் விரலைக் காப்பாற்றவென்றே வைக்கப்பட்டது. அதில் கை வைக்கக் கூடாது. முதல் இரண்டையும் நீக்கி, மூன்றாவதை அப்படியே விட்டுவைப்பதைத்தான் கத்தியைப் பழக்குவது என்கிறோம்.

இதைச் சொல்லித்தர ஆளில்லாமல்தான் பலர் நல்ல கத்தியைக் கெடுத்துவிடுகிறார்கள். குறடு போட்டு இழுக்கிறார்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள், ஸ்பிரிங்கை வளைக்கப் பார்க்கிறார்கள். கொஞ்சம் வெந்நீர், இரண்டு சொட்டு எண்ணெய், ஒரு பழைய பருத்தித் துணி, ஒரு வாரப் பொறுமை. இதற்குமேல் எதுவும் தேவையில்லை. ஆனால் எதை ஏன் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். அதனால் கத்தியின் உள்ளேயிருந்து ஆரம்பிக்கலாம்.

உள்ளே இருப்பது மூன்றே உறுப்பு

உங்கள் கையில் இருப்பது சுவிட்சர்லாந்துக் கத்தி. அந்த நாட்டின் ஷ்விட்ஸ் மாநிலத்தில் ஈபாஹ் என்ற ஊரில் 1884-இல் கார்ல் எல்சனர் என்பவர் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்திகள் செய்து கொடுத்தார். அது கனமான கத்தி. அதிகாரிகளுக்கு இலேசாகவும் கூடுதல் கருவிகளோடும் ஒன்று வேண்டும் என்று யோசித்து, 1897 ஜூன் 12-ஆம் தேதி புதிய அமைப்பு ஒன்றைப் பதிவு செய்தார். ஒரே ஸ்பிரிங்கை அதன் இரு முனைகளிலும் வேலை வாங்கியதுதான் அதிலிருந்த புதுமை. இரண்டே ஸ்பிரிங்குகளை வைத்து ஆறு கருவிகளை அடக்கிவிட்டார். 1909-இல் தாயார் விக்டோரியா இறந்தபோது அவர் பெயரைத் தொழிலுக்கு வைத்தார். 1921-இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அதற்கான பிரெஞ்சுச் சுருக்கமான இனாக்ஸும் அந்தப் பெயரோடு சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது.

இப்படிப்பட்ட கத்தியில் திறக்கும் வேலைக்கு மூன்று உறுப்புகளே உண்டு. ஒன்று பிளேடு. இரண்டு, பிளேடு சுற்றுகிற அச்சு ஆணி. மூன்று, கைப்பிடியின் முதுகுப்பக்கம் ஓடுகிற பட்டையான ஸ்பிரிங். பிளேடின் கூர்ப்பகுதியை விட்டுவிட்டு, ஆணி நுழைகிற அடிப்பகுதியைப் பாருங்கள். அது வட்டமாக இருக்காது. தட்டையான முகங்களும் அவற்றுக்கு நடுவே முனைகளும் உண்டு. கத்தி மூடியிருக்கும்போது ஸ்பிரிங் ஒரு தட்டை முகத்தின்மேல் அமர்ந்து அழுத்திக்கொண்டிருக்கும். நீங்கள் நகத்தால் பிளேடை இழுக்கும்போது அடிப்பகுதியின் முனை திரும்பி ஸ்பிரிங்கை மேலே தள்ளுகிறது. அந்த நேரம்தான் கனமாக இருக்கும். முனை தாண்டியதும் ஸ்பிரிங் அடுத்த முகத்தின்மேல் விழும். பிளேடு தானாகவே ‘டக்’ என்று போய் நிற்கும். சில கத்திகளில் பாதி வழியில், செங்குத்தாக நிற்கும்போது, இன்னொரு தட்டை முகமும் இருக்கும். அங்கே ஒருமுறை நின்று பிறகு திறக்கும். மூடும்போது அவசரப்பட்ட விரலுக்கு அது ஓர் எச்சரிக்கை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பரம்பரையாகக் கத்தி செய்தவர்கள் ஒரு மடக்குக் கத்தியின் தரத்தை அதன் நடையையும் பேச்சையும் வைத்துச் சொல்வார்கள். ஆணியைச் சுற்றிப் பிளேடு திக்காமல் ஓடுவது நடை. கடைசியில் வரும் அந்த ‘டக்’ பேச்சு. இரண்டும் சரியாக இருந்தால் நல்ல கத்தி. புதுக் கத்தியில் பெரும்பாலும் பேச்சு நன்றாகவே இருக்கும், நடைதான் திக்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த வகைக் கத்திகளில் பூட்டு கிடையாது. 91 மில்லிமீட்டர் நீளமுள்ள வழக்கமான சுவிஸ் கத்தியின் பெரிய பிளேடு திறந்த நிலையில் நிற்பது ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் மட்டுமே. அது தளர்ந்தால், வெட்டும்போது பிளேடு மடங்கி விரல்மேல் விழும். ஸ்பிரிங் கொடுக்கும் இறுக்கத்தைத் தொடக் கூடாது என்று முதலிலேயே சொன்னது இதனால்தான்.

எந்த இறுக்கம் உங்களுடையது?

கத்தியைக் கவனமாக ஒருமுறை திறந்து மூடுங்கள். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் கேளுங்கள். ஆரம்பத்தில் கனமாக இருந்து, முனை தாண்டியதும் சட்டென்று விட்டுக்கொடுத்து, ‘டக்’ என்று நின்றால் அது ஸ்பிரிங்கின் பலம். கத்தி ஆரோக்கியமாக இருக்கிறது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி இழுத்துப் பிடித்தால், ஆணியைச் சுற்றிய இடத்தில் உரசல் அதிகம். நறநறவென்று மணல் கடிப்பதுபோல் இருந்தால் உள்ளே துகள் இருக்கிறது. பாதிக்குமேல் போயும் ‘டக்’ என்று விழாமல் சோம்பலாக நகர்ந்தால் பழைய பசை காய்ந்து ஒட்டியிருக்கிறது.

புதுக் கத்திக்குள் அழுக்கு எங்கிருந்து வந்தது? தொழிற்சாலையில் கத்தியைக் கடைசியாகச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குவார்கள். அதற்குப் பூசுவது, மெழுகும் கொழுப்பும் கலந்த பசையில் நுண்ணிய தேய்ப்புப் பொடி சேர்ந்த ஒரு பொருள். சுழலும் சக்கரம் அதை இடுக்குகளில் எல்லாம் தள்ளிவிடும். சாணை பிடித்த இரும்புத் தூளும் அதோடு சேரும். துருப்பிடிக்காமல் இருக்கப் போட்ட எண்ணெயும் கிடங்கிலும் கடையிலும் கிடந்து கெட்டியாகும். இவை எல்லாம் ஆணிக்கும் பிளேடுக்கும் நடுவே மயிரிழை இடைவெளியில் உட்கார்ந்துகொண்டிருக்கின்றன.

அடுத்தது உலோகம். பிளேடின் அடிப்பகுதியை ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்தால் சாணைக் கோடுகள் வரிவரியாகத் தெரியும். ஸ்பிரிங்கின் உட்புறத்திலும் அப்படியே. இரண்டு வரியான பரப்புகள் அழுத்தத்தோடு உரசும்போது திக்கத்தான் செய்யும். இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. விக்டோரினாக்ஸ் தன் பிளேடை ராக்வெல் அளவில் 56 கடினத்துக்கும், ஸ்பிரிங்கை 49-க்கும் பதப்படுத்துகிறது. ஸ்பிரிங் வளைந்து மீள வேண்டியது. அதிகக் கடினமாக இருந்தால் ஒடிந்துவிடும் என்பது முதல் காரணம். பழக்கும்போது நமக்கும் அது உதவுகிறது. கடினமான பிளேடு, தன்னைவிடச் சற்று மென்மையான ஸ்பிரிங்கின் மேடுகளைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடும். முதல் சில நூறு திறப்புகளில் இந்தத் தேய்மானம் வேகமாக நடக்கும். மேடுகள் அடங்கியதும் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

முதலில் கழுவுங்கள்

எண்ணெய் விடுவதற்கு முன்னால் கழுவ வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தேய்ப்புப் பொடிமேல் எண்ணெய் விட்டால் அது அரைக்கும் பசையாகிவிடும். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஆணியைத் தின்னும்.

சுவிஸ் கத்தியின் சிவப்புப் பிடி பிளாஸ்டிக். அதனால் தண்ணீரில் போடத் தயங்க வேண்டாம். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு விடுங்கள். கத்தியைக் கொஞ்ச நேரம் ஊற வைத்து, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு கருவியையும் மெதுவாகத் திறந்து மூடுங்கள். கூர் இருக்கும் பக்கம் எது என்று கண்ணில் தெரிகிற தெளிந்த தண்ணீராக இருக்கட்டும். நுரை மூடிய வாளிக்குள் கையை விட வேண்டாம். பழைய பல் துலக்கும் பிரஷ் இடுக்குகளுக்குப் போதும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, உதறி, துணியால் துடைத்து, எல்லாக் கருவிகளையும் பாதி திறந்த நிலையில் மின்விசிறிக்கு அடியில் வைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

எல்லாக் கத்தியையும் இப்படித் தண்ணீரில் போடலாமா என்றால், கூடாது. மரம், எலும்பு, கொம்பு இவற்றால் பிடி போட்ட கத்தி ஊறினால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். துருப்பிடிக்கும் கார்பன் எஃகுக் கத்தி, அச்சு ஆணியைச் சுற்றி ஈரம் நின்றாலே பழுப்பேறிவிடும். அவற்றைத் தண்ணீருக்குப் பதில் எண்ணெயால் கழுவ வேண்டும். மூட்டில் தாராளமாக எண்ணெய் விட்டு, திறந்து மூடி, வெளியே வழிவதைத் துடைத்து, மறுபடி விடுங்கள். மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டாலும் காய்ந்த பசை கரையும். கடைசியில் அதைத் துடைத்துவிட்டு நல்ல எண்ணெய் போட வேண்டும். டபிள்யூடி-40-ஐ வைத்தும் இதைச் செய்யலாம். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் அதை உருவாக்கியதே ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கத்தான். அதனால் கழுவுவதற்கு நல்லது; மாதக்கணக்கில் மூட்டுக்குள் நின்று வழுக்குவதற்கு வேறு எண்ணெய் வேண்டும்.

எந்த எண்ணெய்?

நம் வீடுகளில் கை முதலில் போவது தேங்காயெண்ணெய்ப் பாட்டிலுக்கு. கத்திக்கு அது வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்குக் கத்தி மறுபடி இறுகும். நாளானால் சிக்கு வாடையும் அடிக்கும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இன்னும் மோசம். காற்றுப் பட்டு மெதுவாகப் பிசினாகிவிடும். எண்ணெய்ச் சட்டியின் வெளிப்புறத்தில் நாள்பட்டுப் படிகிறதே, அதே பிசின்தான் மூட்டுக்குள்ளும் படியும்.

தையல் மிஷின் எண்ணெய் போதும். இலேசானது, இடுக்கில் இறங்கும், பிசினாகாது, எந்த ஊரிலும் கிடைக்கும். இந்தக் கத்தியால்தான் பழமும் ரொட்டியும் வெட்டுவேன் என்றால் மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் கேட்டு வாங்குங்கள். அதுவும் கனிம எண்ணெய்தான், உணவில் பட்டாலும் கவலையில்லை. அளவு முக்கியம். ஒவ்வொரு இடத்திலும் ஒரே சொட்டு. பிளேடுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒன்று, ஸ்பிரிங்கும் பிளேடும் தொடும் இடத்தில் தொட்டுவைத்தாற்போல் ஒன்று. அதிகமாக விட்டால் சட்டைப்பையின் பஞ்சையும் தெருத் தூசியையும் அது தானே இழுத்துச் சேர்த்துக்கொள்ளும்.

பழக்கும் வேலை

இனிதான் பொறுமை. மாலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் இருபது, முப்பது தடவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். பிறகு மூட்டைத் துடையுங்கள். துணியில் கறுப்பாக ஒரு கறை வரும். உள்ளே மிச்சமிருந்த பசையும், தேய்ந்து உதிர்ந்த உலோகத் தூளும்தான் அந்தக் கறுப்பு. வரட்டும், நல்லது. அதைத் துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டு, மறுநாள் மறுபடி செய்யுங்கள்.

புது அம்மி வாங்கினால் நம் பாட்டிகள் என்ன செய்தார்கள்? முதலில் தவிடோ அரிசியோ போட்டு அரைத்துக் கொட்டுவார்கள். கல் பொடி கலந்து வரும். கழுவிவிட்டு மறுபடி அரைப்பார்கள். அரைத்ததில் கல் நெறிபடுவது நிற்கும் வரை சமையலுக்கு எடுக்க மாட்டார்கள். கத்திக்கும் கணக்கு அதேதான். துணியில் வரும் எண்ணெய் கறுப்பிலிருந்து சாம்பல் நிறமாகி, ஒரு நாள் போட்ட நிறத்திலேயே தெளிவாக வெளியே வந்தால், கழுவும் வேலை முடிந்தது. எத்தனை முறை திறந்தோம் என்று எண்ணுவதைவிட இந்த நிறத்தைப் பார்ப்பது நம்பகமான அளவு.

நகத்துக்கு வருவோம். பிளேடில் இருக்கும் அந்தப் பிறைவடிவக் குழியில் நகத்தைக் கொடுத்து இழுக்கிறோம். நுனி நகத்தால் இழுத்தால் நகம் மடியும். விரலைச் சற்றுச் சாய்த்து, நகத்தின் முழு அகலமும் குழியில் பதியும்படி வையுங்கள்; இழுவிசை விரலிலிருந்து வரட்டும். குளித்துவிட்டு வந்த உடனே முயலாதீர்கள். ஊறிய நகம் எளிதில் பிய்யும். இன்னும் நல்ல வழி, நகத்தை மறந்துவிட்டுப் பிளேடின் இரு பக்கத்தையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்து இழுப்பது. எண்ணெய்க் கையாக இருந்தால் ஒரு துண்டுத் தோலையோ ரப்பரையோ வைத்துப் பிடியுங்கள். பிடிக்கும் விரல் கூர்ப்பக்கம் இறங்காமல் முதுகுப்பக்கத்தை ஒட்டியே இருக்க வேண்டும். சின்னக் கருவிகளை நெம்ப ஐஸ்கிரீம் குச்சியோ பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரமோ போதும். இரும்பால் நெம்பினால் கீறல் விழும்.

மூடுவதில் இன்னும் கவனம் வேண்டும். இறுகிய கத்தியால் கையை வெட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் மூடும்போதுதான் வெட்டிக்கொள்கிறார்கள். முனை தாண்டியதும் ஸ்பிரிங் பிளேடை அறைந்து மூடும் என்பது நினைவிருக்கட்டும். கைப்பிடியின் இரு பக்கங்களையும் விரல்களால் பிடித்து, பிளேடு விழும் வாய்க்குக் குறுக்கே எந்த விரலும் இல்லை என்று பார்த்துவிட்டு, மறுகையின் உள்ளங்கையால் பிளேடின் முதுகைத் தள்ளி மூடுங்கள். தொடையில் வைத்து மூடாதீர்கள். பக்கத்தில் குழந்தை இருந்தால் எழுந்துபோன பிறகு செய்யுங்கள்.

அறைந்து மூடுவதில் கத்திக்கும் கேடு உண்டு. பெரும்பாலான கத்திகளில் பிளேடின் அடியில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். மூடும்போது அந்தப் புடைப்பு ஸ்பிரிங்கில் பட்டு நிற்பதால், கூர் உள்ளே மோதாது. ஆனால் எல்லாக் கத்தியிலும் அது போதிய அளவு இருக்காது. பிரான்சின் அவேய்ரோன் பகுதியில் லாகியோல் என்ற ஊர்ப் பெயரால் அறியப்படும் மெல்லிய கத்தி ஒன்று உண்டு. அதன் பழைய முறைத் தயாரிப்புகளைக் கையால் கொண்டுபோய்த்தான் மூட வேண்டும். விட்டுவிட்டால் கூர் ஸ்பிரிங்கில் மோதி மழுங்கும். எந்தக் கத்தியானாலும் கூட்டிக்கொண்டுபோய் மூடுவதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

பற்பசையோ, வால்வு அரைக்கும் பசையோ வைத்து மூட்டைத் தேய்த்தால் சீக்கிரம் பழகும் என்று சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அவற்றிலுள்ள தேய்ப்புப் பொடி பித்தளை, அலுமினியம் போன்ற மென்மையான உலோகங்களில் பதிந்துவிடும். ஆணி தட்டி இறுக்கிய கத்தியைக் கழற்றிக் கழுவவும் வழியில்லை. நீங்கள் நிறுத்தச் சொன்னாலும் அது அரைப்பதை நிறுத்தாது.

கத்தியைப் பாதி திறந்து நாள் கணக்கில் வைத்தால் ஸ்பிரிங் தளரும் என்பது இன்னொரு யோசனை. நன்றாகப் பதப்படுத்திய ஸ்பிரிங் அதற்கெல்லாம் அசையாது. பதம் சரியில்லாத ஸ்பிரிங்காக இருந்தால் தளரும். தளர்ந்தபின் அந்தக் கத்தி ஆபத்து. நெருப்பில் காட்டுவது எல்லாவற்றையும்விடக் கேடு. எஃகுக்கு ஊட்டிய பதமே போய்விடும், பிளேடும் கூர் நிற்காது. ஆணியின் தலையைச் சுத்தியலால் தட்டுவதும் வேண்டாம். தட்டினால் இன்னும் இறுகத்தான் செய்யும்.

ஸ்பிரிங் இல்லாத கத்தி

இதுவரை சொன்னது முதுகு ஸ்பிரிங் உள்ள கத்திக்கு. உங்கள் நண்பர் பிரான்சிலிருந்து மரப்பிடி போட்ட கத்தி வாங்கிவந்தார் என்றீர்களே, அது ஓபினெல்லாக இருக்கும். அதன் இறுக்கம் முற்றிலும் வேறு வகை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆல்ப்ஸ் மலையடிவாரத்து சவோய் பகுதியில் 1890-இல் ஜோசஃப் ஓபினெல் செய்த உழவர் கத்தி அது. 1897-இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டு அளவுகள் வந்தன. அதிகம் பேர் வைத்திருக்கும் 8-ஆம் எண்ணின் பிளேடு எட்டரை சென்டிமீட்டர். ஸ்பிரிங்கே கிடையாது. ஒரே மரத்துண்டை அறுத்து வாய் பிளந்து, அதற்குள் பிளேடைச் செருகி ஆணி அடித்திருப்பார்கள். பிளேடைப் பிடித்திருப்பது மரம்தான். கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைத் திருப்பினால் பிளேடு பூட்டிக்கொள்ளும். அந்த வளையத்தை 1955-இல் மார்செல் ஓபினெல் கொண்டுவந்தார்.

பிடி பெரும்பாலும் பீச் மரம். ஈரம் பட்டால் நன்றாக உப்பும் மரம் அது. மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது, குறுக்குவாக்கில்தான் உப்பும். அதனால் ஈரக் காற்றில் அந்தப் பிளந்த வாய் குறுகிப் பிளேடைக் கவ்விக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையில் இருக்கும் ஓபினெல் அசையாமல் நிற்பது இதனால்தான். எண்ணெய் விட்டால் மட்டும் தீராது. முதலில் காய வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் மரம் வெடிக்கும். புதுப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்திருந்தால், ஒரு டப்பாவில் அவற்றோடு கத்தியைப் போட்டு மூடிச் சில நாள் வையுங்கள்.

சவோய்க்காரர்களிடம் ஒரு கைப்பழக்கம் உண்டு. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, கைப்பிடியின் பின்முனையை மேசையிலோ கல்லிலோ ஒரு தட்டு தட்டுவார்கள். பிளேடு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். பிறகு விரலால் எடுத்துவிடலாம். நகத்துக்கு வேலையில்லை. காய்ந்தபின் பிளந்த வாயின் உட்புறத்தில் வாசலினை மெல்லிசாகத் தடவி, திறந்து மூடி, வழிவதைத் துடைத்தால் அடுத்த ஈரம் அவ்வளவு சீக்கிரம் உள்ளே ஏறாது.

வாயின் உட்புறத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து அகலமாக்குவதும் உண்டு. அதைச் செய்வதானால் மழைக்காலத்தில் செய்யாதீர்கள். ஐப்பசியில் உப்பியிருக்கும் மரத்தை அளவாகத் தேய்த்துவிட்டால், அந்தக் கத்தியே மதுரை, திருச்சிச் சித்திரை வெயிலில் சுருங்கிப் பிளேடு தொளதொளவென்று ஆடும். மரக் கத்தியை ஒரு வருடம் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும்.

திருகு போட்ட கத்திகள்

இப்போது வரும் பல கத்திகளில் ஆணிக்குப் பதில் நட்சத்திர வாய்த் திருகு இருக்கிறது. உள்ளே வெண்கல வாஷரும், பிளேடைத் தாங்கிப் பிடிக்கும் பூட்டுத் தகடும் இருக்கும். இவற்றில் இறுக்கம் பெரும்பாலும் திருகில்தான். அளவுக்குப் பொருந்துகிற திருப்புளியால் மிகச் சிறிதாக, ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக, தளர்த்திப் பாருங்கள். பிளேடைத் திறந்து இடவலமாக அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. ஆட்டம் தெரிந்தால் அதிகமாகிவிட்டது, பழையபடி இறுக்குங்கள். திருகு அசையவே மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். கழன்றுவிடாமல் இருக்கப் பசை போட்டிருப்பார்கள். முழுவதும் பிரித்துப்போட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று சொல்லும் நிறுவனங்கள் பல. உத்தரவாத அட்டையைப் படித்துவிட்டுத் தொடுங்கள். வெண்கல வாஷர்கள் பழகப் பழக வழவழப்பாகும், அதற்கும் நேரம்தான் மருந்து.

எப்போது நிறுத்துவது?

நடை திக்காமல் ஓடி, பேச்சு ‘டக்’ என்று கேட்டு, திறந்த பிளேடு பக்கவாட்டில் ஆடாமல் நின்றால் கத்தி பழகிவிட்டது. கத்தி சேர்ப்பவர்கள் ஸ்பிரிங்கின் இழுவையை 1 முதல் 10 வரை மதிப்பிடுவார்கள். நடுவில், ஐந்து ஆறு என்று இருப்பது அன்றாடக் கைக்கு ஏற்றது. எட்டுக்குமேல் போனதை நகம் உடைக்கும் கத்தி என்பார்கள். பத்திலிருந்து எட்டுக்கு வரலாம், எட்டிலிருந்து ஏழுக்கு வரலாம். மூன்றுக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். இறுக்கமான கத்தி நகத்தைத்தான் சோதிக்கும், தளர்ந்த கத்தி விரலைக் கேட்கும்.

கழுவி, எண்ணெய் விட்டு, இரண்டு வாரம் பழக்கியும் கொஞ்சமும் அசையவில்லை என்றால், அல்லது ஒரே இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் சிக்கினால், அப்போது அது குறைதான். ஆணியை அளவுக்குமேல் இறுக்கியிருப்பார்கள், அல்லது தகடு வளைந்திருக்கும். வாங்கிய ரசீதோடு போய் மாற்றித் தரச் சொல்லுங்கள். உப்புத்தாளோ குறடோ பட்ட தடம் அதில் இருந்தால் எந்தக் கடையிலும் மாற்றித் தர மாட்டார்கள். அவற்றைத் தொடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழகிய பிறகு கவனிப்பு சுலபம். பழம் நறுக்கினால் கழுவித் துடையுங்கள். சாறு மூட்டில் காய்ந்தால் மறுபடி இறுகும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று உண்டு, அங்கே மாதம் ஒரு சொட்டு எண்ணெய். மற்ற ஊர்களில் அதைவிடக் குறைவாகவே போதும். விமானத்தில் போனால் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் வளர்ந்து கத்தி கேட்கும் வயது வந்தால், திறக்கக் கற்றுக்கொடுக்கும் முன் மூடக் கற்றுக்கொடுங்கள்.